ஒரு கிராம் வெள்ளைப் பொடி

கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி. வாயில் ரப்பர் மூடி, அதைச் சுற்றி அலுமினியப் பட்டை, மேலே பளிச்சென்று ஒரு பிளாஸ்டிக் தொப்பி. உள்ளே ஒரு கிராம் வெள்ளைப் பொடி, சில குப்பிகளில் லேசான மஞ்சள். விலை ஒரு சினிமா டிக்கெட்டை விடக் குறைவு. செஃப்ட்ரியாக்சோன் என்பது அதன் பெயர். தமிழ்நாட்டில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இரண்டு நாள் படுத்து எழுந்தவர்களில் பலருக்கு இந்தப் பொடி கரைந்து ரத்தத்தில் ஓடியிருக்கும். ஆனால் பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது. "ஏதோ பெரிய ஊசி போட்டாங்க, கேட்டுச்சு" என்பார்கள், அவ்வளவுதான்!

மாத்திரையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்கும் மக்கள் ஊசியைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. மாத்திரை கையில் இருக்கிறது, பெயர் படிக்கலாம், பிடிக்கவில்லை என்றால் துப்பலாம். ஊசி அப்படியல்ல. உள்ளே போனது போனதுதான், திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் ஊசி மருந்துக்கு மட்டும் சில கட்டுப்பாடுகள் அதிகம். அவை மருத்துவ மாணவர்களுக்கும் நர்ஸ்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதும் என்று நினைப்பது தவறு. படுக்கையில் இருப்பவருக்கும், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் துணையாளருக்கும் தெரிந்திருந்தால் சில உயிர்கள் மிஞ்சும்.

சாக்கடையில் கிடைத்த புதையல்

இத்தாலிக்குச் சொந்தமான சார்டீனியா தீவு. அதன் தலைநகர் காலியாரி. 1945-ல் இரண்டாம் உலகப் போர் முடிந்த நேரம். ஊரெல்லாம் டைஃபாய்டு. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சுகாதாரவியல் பேராசிரியராக இருந்த ஜுசெப்பே ப்ரோட்சு என்பவருக்கு ஒரு சந்தேகம். நகரத்துச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்தில் இளைஞர்கள் குளிக்கிறார்கள், ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு நோய் வரவில்லை. அந்தத் தண்ணீரில் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று நினைத்தார். தண்ணீரை எடுத்து வந்து வளர்த்துப் பார்த்தார். ஒரு பூஞ்சை கிடைத்தது. செஃபலோஸ்போரியம் அக்ரிமோனியம் என்று அதற்குப் பெயர். அது கசியவிட்ட சாறு டைஃபாய்டு கிருமி உட்படப் பல கிருமிகளின் வளர்ச்சியை நிறுத்தியது.

பணம் இல்லை, பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. 1948-ல் தன் முடிவுகளை வெளியுலகம் அதிகம் பார்க்காத ஓர் உள்ளூர் வெளியீட்டில் அச்சிட்டார். ஒரு பிரிட்டிஷ் மருத்துவ அதிகாரியின் மூலம் செய்தி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனது. பூஞ்சையும் பின்னாலேயே போனது. பெனிசிலினை மருந்தாக்கிய ஹோவர்ட் ஃப்ளோரியின் இடம் அது. அங்கே எட்வர்ட் ஆபிரகாமும் கை நியூட்டனும் அந்தச் சாற்றிலிருந்து செஃபலோஸ்போரின் சி என்ற பொருளை 1950-களில் பிரித்தெடுத்தார்கள். பெனிசிலினை உடைத்துப்போடும் கிருமிகளின் நொதியால் இதை அத்தனை எளிதாக உடைக்க முடியவில்லை. அதுதான் பெரிய கண்டுபிடிப்பு.

அதன் மையக்கூட்டை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் வேறு வேறு வால்களை ஒட்டி, வேதியியலாளர்கள் வரிசையாகப் புது மருந்துகளைச் செய்தார்கள். முதல் தலைமுறை, இரண்டாம் தலைமுறை என்று அவற்றைப் பிரிப்பார்கள். மூன்றாம் தலைமுறையில் சுவிட்சர்லாந்தின் ரோஷ் நிறுவனம் உருவாக்கியதுதான் செஃப்ட்ரியாக்சோன். 1980-களின் தொடக்கத்தில் ரோசெஃபின் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. இன்று உலகில் எத்தனையோ கம்பெனிகள் எத்தனையோ பெயர்களில் தயாரிக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருக்கிறது.

ஏன் இதற்கு இவ்வளவு கிராக்கி?

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு கெட்டியான சுவர் உண்டு. மனித செல்லுக்கு அந்தச் சுவர் கிடையாது. பாக்டீரியா வளரும்போதெல்லாம் சுவரைக் கொத்தனார் மாதிரி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெனிசிலினும் செஃபலோஸ்போரின்களும் அந்தக் கொத்தனாரின் கையைக் கட்டிவிடுகின்றன. சுவர் பலவீனமாகி, பாக்டீரியா வெடித்துச் சாகிறது. சுவரே இல்லாத வைரஸிடம் இந்த மருந்துக்கு வேலையே இல்லை. இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

இந்த வகை ஊசிகளில் பலவற்றை ஒரு நாளைக்கு மூன்று, நான்கு முறை போட வேண்டும். செஃப்ட்ரியாக்சோன் அப்படியல்ல. ரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு பெரும்பகுதி ஒட்டிக்கொண்டு மெதுவாக வெளியேறுகிறது. பாதியளவு குறைய சுமார் 8 மணி நேரம் ஆகிறது. அதனால் பெரும்பாலான நோய்களுக்கு நாளுக்கு ஒரு முறை போதும். மூளைக்காய்ச்சல் போன்றவற்றில்தான் அளவு கூடி, இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுவார்கள். வெளியேறும் வழியும் இரண்டு: ஒரு பங்கு சிறுநீர் வழியாக, மீதி பித்தம் வழியாக. சிறுநீரகம் கொஞ்சம் பழுதானாலும் பித்தம் கை கொடுக்கும். இரண்டுமே பழுதானால்தான் சிக்கல்.

நாளுக்கு ஒரு ஊசி என்பதால் நோயாளி வார்டில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. கையில் வென்ஃப்ளானோடு வீட்டுக்குப் போய்விட்டு, தினமும் காலையில் வந்து ஊசி போட்டுக்கொண்டு திரும்பலாம். ஏழைக்கும் வசதி, ஆஸ்பத்திரிக்கும் வசதி. இந்த வசதியே பின்னாளில் வினையாகவும் மாறியது. அது பிறகு.

எதற்குக் கேட்கும், எதற்குக் கேட்காது?

டைஃபாய்டு, பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சல், நிமோனியா, சிறுநீரகம் வரை ஏறிய சிறுநீர்த் தொற்று, கொனோரியா என்ற பால்வினை நோய், சில வகை வயிற்றுத் தொற்றுகள் ஆகியவற்றில் இது நல்ல மருந்து. மூளைக்காய்ச்சலில் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கழுத்து விறைத்து, உணர்வு மங்கி, உடம்பில் சிவப்புப் புள்ளிகளோடு ஒரு குழந்தை வந்தால் எல்லா ரிப்போர்ட்டும் வரட்டும் என்று காத்திருப்பது ஆபத்து. அங்கே இந்தப் பொடி உண்மையாகவே உயிர் காக்கும் மருந்து.

சளி, சாதாரண ஜுரம், டெங்கு, சிக்குன்குனியா எதற்கும் இது உதவாது. டெங்குவில் இன்னும் ஒரு வம்பு இருக்கிறது. ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் தசையில் குத்தும் எந்த ஊசியும் உள்ளே ரத்தக் கட்டை உண்டாக்கலாம். "டாக்டர், ஒரு ஊசி போட்டு விடுங்க, நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று கேட்பவர் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்கிறார்.

பாக்டீரியாவிலும் எல்லாம் அடங்காது. எம்ஆர்எஸ்ஏ என்ற முரட்டு ஸ்டஃபைலோகாக்கஸ், என்டெரோகாக்கஸ், லிஸ்டீரியா ஆகியவற்றை இது ஒன்றும் செய்யாது. சூடோமோனாஸ் விஷயத்திலும் இதை நம்ப முடியாது. எனவே எந்தக் கிருமி என்று தெரிந்துகொள்வது முக்கியம். முதல் ஊசிக்கு முன்பே ரத்தத்தைக் கல்ச்சருக்கு எடுத்துவிட வேண்டும் என்பது அதனால்தான். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போகலாம். பிறகு வைத்தியம் இருட்டில் கல் எறிந்த கதைதான்.

டைஃபாய்டுக்காரர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சரியான மருந்து போட்டாலும் காய்ச்சல் மறுநாளே இறங்காது. நான்கைந்து நாள், சில சமயம் ஒரு வாரம்கூட ஆகும். இரண்டாம் நாளே "இந்த டாக்டர் சரியில்லை" என்று வேறு கிளினிக்குக்கு மாறுவதும், காய்ச்சல் இறங்கியதும் மிச்ச ஊசியை நிறுத்துவதும் இரண்டுமே தவறு.

ஊசிக்கு முன் நான்கு கேள்விகள்

முதல் கேள்வி, இதற்கு முன் எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? பெனிசிலின், அமாக்சிசிலின், செஃபிக்ஸிம், முன்பு போட்ட இதே ஊசி என எதுவானாலும் சொல்ல வேண்டும். என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தது அலர்ஜி அல்ல. உடனே தடிப்பு தடிப்பாக எழும்பியது, முகம் வீங்கியது, மூச்சு முட்டியது என்றால் அதுதான் அலர்ஜி. பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களில் 10 சதவீதம் பேருக்குச் செஃபலோஸ்போரினும் ஒத்துக்கொள்ளாது என்று பழைய புத்தகங்களில் இருக்கும். அந்தக் காலத்துச் செஃபலோஸ்போரின்களில் பெனிசிலின் கலந்திருந்ததும் அந்தக் கணக்கு ஏறியதற்கு ஒரு காரணம். இன்றைய கணிப்பு அதைவிட மிகக் குறைவு. செஃப்ட்ரியாக்சோனின் பக்கவால் பெனிசிலின்களின் பக்கவாலிலிருந்து வேறுபட்டது என்பதால் ஆபத்து இன்னும் குறைவு. ஆனாலும் பெனிசிலினுக்குக் கடுமையான அலர்ஜி வந்தவர் அதை மறைக்கக் கூடாது. முடிவு டாக்டருடையது, தகவல் நோயாளியுடையது.

இரண்டாவது, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்? ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடும் இதய நோயாளிகளுக்கு இந்த ஊசியால் ரத்தம் மேலும் நீர்த்துப்போகலாம். அடிக்கடி பரிசோதிக்க வேண்டும்.

மூன்றாவது, சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி? சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு கூடிப்போனால் குழப்பம், பிதற்றல், வலிப்பு வரை போகலாம்.

நான்காவது, நோயாளியின் வயது என்ன? பிறந்து 28 நாள் ஆகாத குழந்தை என்றால் கதையே வேறு. அது கீழே.

டெஸ்ட் டோஸ் என்ற சடங்கு

முன்கையில் தோலுக்குள் ஒரு துளி மருந்தைச் செலுத்தி, பேனாவால் வட்டம் போட்டு, "அரிச்சா சொல்லுங்க" என்று நர்ஸ் போய்விடுவார். கால் மணி நேரம் கழித்து வந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்றால் முழு ஊசி. பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் இதுதான் வழக்கம்.

இந்தச் சோதனை எவ்வளவு நம்பகமானது? முன்பு அலர்ஜியே வராத ஒருவருக்கு இதைச் செய்து பெரிய பயன் இல்லை என்பதே இன்றைய நிபுணர்களின் கருத்து. மருந்தே தோலை உறுத்திச் சிவக்க வைத்தால், அலர்ஜி இல்லாதவருக்கும் "அலர்ஜி" என்று முத்திரை விழும். வட்டத்துக்குள் ஒன்றும் தெரியாதவருக்கும் முழு ஊசியில் அலர்ஜி வரலாம். தோல் சோதனையை மிக அதிகமாகச் செய்துவந்த சீனாவே 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியில் செஃபலோஸ்போரின்களுக்கு எல்லோருக்கும் சோதனை தேவையில்லை என்று சொல்லிவிட்டது.

ஆக, வட்டம் போட்டுவிட்டார்கள் என்பதால் பயம் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. உண்மையான பாதுகாப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, முன்னால் கேட்கும் கேள்வி. இன்னொன்று, பக்கத்தில் தயாராக இருக்கும் அட்ரினலின்.

கலக்குவதில் என்ன இருக்கிறது?

எல்லாமே இருக்கிறது! இந்தப் பொடியைத் தசையில் போட்டால் நன்றாக வலிக்கும். அதனால் தசை ஊசிக்கு மட்டும் லிக்னோகெயின் என்ற மரத்துப்போகும் மருந்தில் கலக்குவார்கள். 1 கிராமுக்கு 1 சதவீத லிக்னோகெயின் சுமார் 3.5 மில்லி. ஒரே இடத்தில் 1 கிராமுக்கு மேல் போடக் கூடாது. இடுப்புத் தசை போன்ற பெரிய தசையில் ஆழமாகப் போட வேண்டும்.

லிக்னோகெயினில் கலந்த மருந்தை எந்தக் காரணத்தைக் கொண்டும் ரத்தக்குழாயில் செலுத்தக் கூடாது. லிக்னோகெயின் நேராக ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும், வலிப்பு வரும். பல கம்பெனிகள் ஊசிக் குப்பியோடு கரைக்கும் திரவத்தையும் ஒரே பெட்டியில் வைத்துத் தருகின்றன. அந்தத் திரவம் வெறும் சுத்த நீரா, லிக்னோகெயினா என்று ஆம்ப்யூலைப் படித்துப் பார்க்காமல் உடைத்தால் அங்கேதான் விபரீதம்.

ரத்தக்குழாயில் போடுவதற்கு 1 கிராமை 10 மில்லி கிருமி நீக்கிய நீரில் கரைத்து, மெதுவாகச் சில நிமிடம் எடுத்துச் செலுத்த வேண்டும். அல்லது சலைன் பாட்டிலில் கலந்து அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். கூட்டம் நிறைய, அவசரம் என்று ஒரே அழுத்தில் ஏற்றுவது தவறு. கரைத்த மருந்து லேசான மஞ்சள் நிறமாக இருப்பது இயல்பு. கலங்கலாக இருந்தால், துகள் மிதந்தால் குப்பைத் தொட்டிதான்.

ஆர்எல் பாட்டிலோடு சேராத மருந்து

தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் தொங்கும் பாட்டில்களில் ஒன்று ஆர்எல், அதாவது ரிங்கர் லாக்டேட். அதில் கால்சியம் இருக்கிறது. செஃப்ட்ரியாக்சோனும் கால்சியமும் சந்தித்தால் கரையாத உப்பாக மாறிப் படிகமாகிவிடும். சுண்ணாம்புத் தண்ணீர் கலங்குவது போல என்று வைத்துக்கொள்ளலாம். அது நடப்பது பாட்டிலில் என்றால் கண்ணுக்குத் தெரியும். ரத்தக்குழாய்க்குள் என்றால்?

பிறந்த குழந்தைகளில் இது நடந்திருக்கிறது. செஃப்ட்ரியாக்சோனும் கால்சியம் கலந்த திரவமும் செலுத்தப்பட்ட சில பச்சிளம் குழந்தைகள் இறந்தன. பிரேதப் பரிசோதனையில் நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் படிகங்கள் காணப்பட்டன. 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது. 2009-ல் அதைத் திருத்தித் தெளிவாக்கியது. 28 நாளுக்குட்பட்ட குழந்தைக்குக் கால்சியம் கலந்த திரவம் நரம்பு வழி போகிறது அல்லது போக வேண்டியிருக்கிறது என்றால் செஃப்ட்ரியாக்சோன் கூடவே கூடாது. வேறு கையில், வேறு குழாயில், வேறு நேரத்தில் போடலாமே என்ற வாதமும் செல்லாது. பெரியவர்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்கலாம். ஆனால் நடுவில் குழாயைச் சலைனால் நன்றாகக் கழுவ வேண்டும். ஒரே நேரத்தில் ஒரே குழாயில் இரண்டையும் ஓட்டக் கூடாது. ஆர்எல்லில் பொடியைக் கரைக்கவும் கூடாது.

இதே கால்சியப் பிடிப்பு பித்தப்பையிலும் நடக்கும். பல நாள் ஊசி போட்ட குழந்தைகளுக்கு ஸ்கேனில் பித்தக்கல் போலத் தெரியும். பெற்றோர் பதறிப்போவார்கள். பெரும்பாலும் ஊசியை நிறுத்தியதும் தானாகக் கரைந்துவிடும். அவசரப்பட்டு ஆபரேஷனுக்கு ஓட வேண்டியதில்லை. வலி இருந்தால் மட்டும் டாக்டரிடம் உடனே சொல்ல வேண்டும்.

பச்சைக் குழந்தையின் மஞ்சள்

பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை சகஜம். பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் ரத்தத்தில் ஆல்புமினின் மேல் உட்கார்ந்துகொண்டு பயணம் செய்யும். அது உட்கார்ந்திருக்கும் வரை மூளைக்குள் நுழையாது. செஃப்ட்ரியாக்சோனும் அதே ஆல்புமினில்தான் இடம் தேடுகிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல வந்து உட்கார்ந்து, பிலிரூபினைக் கீழே இறக்கிவிடும். இறங்கிய பிலிரூபின் மூளையில் படிந்தால் ஆயுளுக்கும் ஊனம். அதனால் காமாலை உள்ள பச்சிளம் குழந்தைக்கும், குறைமாதக் குழந்தைக்கும் இந்த மருந்து ஆகாது. அதே தலைமுறையைச் சேர்ந்த செஃபோடாக்ஸிம் போன்ற வேறு மருந்துகள் அந்த இடத்தில் உண்டு.

ஊசி போட்ட அடுத்த அரை மணி

கடுமையான அலர்ஜி பெரும்பாலும் சில நிமிடங்களுக்குள், அரை மணிக்குள் தலைகாட்டும். அதனால் ஊசி போட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. முதல் ஊசிக்குப் பிறகாவது அரை மணி அங்கேயே உட்கார வேண்டும். உள்ளங்கை அரிப்பு, உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை அடைப்பு, இளைப்பு, திடீர் வாந்தி, கண் இருட்டுதல் என எது வந்தாலும் உடனே சத்தம் போட்டுக் கூப்பிட வேண்டும்.

அந்த நேரத்தில் உயிர் காப்பது அட்ரினலின். பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில். தேவைப்பட்டால் 5 நிமிடம் கழித்து மறுபடியும். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சு முட்டினால் உட்கார வைக்கலாம். சட்டென்று எழுப்பி நடக்க வைக்கக் கூடாது. அவில் போடுவது, ஸ்டீராய்டு போடுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். அவை அட்ரினலினுக்கு மாற்று அல்ல. சில இடங்களில் அவிலைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதில்தான் பொன்னான நிமிடங்கள் போகின்றன. அட்ரினலின் இல்லாத இடத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. வீட்டுக்கு வந்து ஊசி போடும் தெரிந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி.

நாட்கள் கழித்து வரும் தொல்லைகளும் உண்டு. தண்ணீராக நிற்காத வயிற்றுப்போக்கு, ஊசி நிறுத்திச் சில வாரம் கழித்துக்கூட வரலாம். அரிதாக, ரத்தச் சிவப்பணுக்கள் திடீரென்று உடைந்து சோகை வரும். உடம்பு வெளுத்து, சிறுநீர் கருத்துப் போனால் அடுத்த ஊசியைப் போட்டுக்கொள்ளாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். கையில் வென்ஃப்ளான் இருந்தால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வலிக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும். "இன்னும் ரெண்டு நாள்தானே, இருக்கட்டும்" என்று விடக் கூடாது.

குப்பிக்குள் இல்லாத ஆபத்து

மருந்து சுத்தமாக இருந்து சிரிஞ்ச் அசுத்தமாக இருந்தால்? பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ரத்தோடேரோ என்ற சிறு ஊர். 2019-ல் அங்கே நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. அவர்களில் மிகப் பலர் 5 வயதுக்குட்பட்டவர்கள். பெரும்பாலானவர்களின் தாய்மார்களுக்கு எச்ஐவி இல்லை. பயன்படுத்திய சிரிஞ்சையும் டிரிப்ஸ் செட்டையும் மறுபடி பயன்படுத்தியதே முக்கியக் காரணம் என்று விசாரணைகள் சொல்லின. சளிக்கும் காய்ச்சலுக்கும் போட்ட, பெரும்பாலும் தேவையே இல்லாத ஊசிகள் அவை.

ஒரு ஊசி, ஒரு சிரிஞ்ச், ஒரே முறை. நோயாளியின் கண் முன்னால் உறையைப் பிரிக்க வேண்டும். ஊசியை மட்டும் மாற்றிவிட்டு அதே சிரிஞ்சைப் பயன்படுத்தினாலும் ஆபத்துதான். ஒரு குழந்தைக்குக் கால் கிராம் எடுத்த பிறகு மிச்சத்தை அடுத்த குழந்தைக்கு என்று வைப்பதும் கூடாது. இந்தக் குப்பி ஒருவருக்கானது.

இரண்டு ஹைதராபாத்

அதே சிந்து மாகாணத்தில் ஹைதராபாத் என்ற ஊர் இருக்கிறது. 2016-ன் இறுதியில் அங்கே ஒரு புதுவகை டைஃபாய்டு பரவத் தொடங்கியது. குளோரம்ஃபெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளோக்சசின் வகை எல்லாவற்றையும் ஏற்கெனவே ஏமாற்றப் பழகியிருந்த கிருமி, இப்போது செஃப்ட்ரியாக்சோனையும் உடைக்கக் கற்றுக்கொண்டிருந்தது. ஈ-கோலை போன்ற குடல் கிருமியிடமிருந்து அந்த வித்தையை ஒரு சிறு மரபணு வளையமாக வாங்கிக்கொண்டது என்று 2018-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். மிஞ்சியது அசித்ரோமைசின் மாத்திரையும், விலை கூடிய கார்பாபெனெம் ஊசிகளும்தான். சாக்கடை கலந்த குடிநீர் அங்கே முக்கியக் காரணமாகப் பேசப்பட்டது.

கைகொடுத்தது ஒரு தடுப்பூசி. அதைத் தயாரித்தது இந்தியாவின் ஹைதராபாத்தில் இருக்கும் பாரத் பயோடெக்! இங்கிருந்து போன தடுப்பூசி அந்த ஹைதராபாத்தின் குழந்தைகளுக்குப் போடப்பட்டது. 2019-ல் பாகிஸ்தான் அந்த வகைத் தடுப்பூசியைத் தன் வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. உலகில் முதலில் சேர்த்த நாடு அதுதான்.

காலியாரியில் சாக்கடை கலந்த கடலில் டைஃபாய்டுக்கு எதிரான பொருளைத் தேடி ஒருவர் கண்டெடுத்தது. எழுபதே ஆண்டுகளில் சாக்கடை கலந்த தண்ணீரில் டைஃபாய்டு கிருமி அதற்குப் பதில் கண்டுபிடித்துவிட்டது. இந்தியாவில் டைஃபாய்டு கிருமி இன்னும் பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோனுக்குக் கட்டுப்படுகிறது. ஆனால் இங்குள்ள பெரிய மருத்துவமனைகளில் சோதிக்கப்படும் ஈ-கோலை கிருமிகளில் பாதிக்கும் மேல் இந்த வகை மருந்துகளுக்கு அடங்குவதில்லை. வித்தை தெரிந்த வாத்தியார் பக்கத்திலேயே இருக்கிறார் என்றுதான் அதற்கு அர்த்தம்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இந்த மருந்தைக் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டிய பிரிவில் வைத்திருக்கிறது. இந்தியாவில் 2014 முதல் இது எச்1 அட்டவணையில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யாருக்கு விற்றது, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். குப்பிப் பெட்டியில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். சட்டம் இருக்கிறது. "அண்ணே, போன தடவை போட்ட அதே ஊசி ஒண்ணு குடுங்க" என்று கேட்பவரும், எடுத்துக் கொடுப்பவரும் இருக்கும் வரை பதிவேடு என்ன செய்யும்?

படுக்கையில் கிடப்பவர் வெட்கப்படாமல் கேட்கக் கூடியவை மிகச் சில. இது என்ன மருந்து? எனக்கு இருப்பது பாக்டீரியாத் தொற்றுதானா? கல்ச்சருக்கு ரத்தம் எடுத்தாயிற்றா? எதில் கலக்குகிறீர்கள்? எத்தனை நாள் போட வேண்டும், மாத்திரைக்கு எப்போது மாறலாம்? நல்ல டாக்டரும் நல்ல நர்ஸும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதில் சொல்ல ஒரு நிமிடம் ஆகும். டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயர் எழுதியிருக்கிறதா என்றும் பார்த்து, ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதைப் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும். அடுத்த முறை வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில், நினைவில்லாமல் கிடக்கும்போது அந்தச் சீட்டுதான் பேசும்.